ஆயாவுக்காக ஓர் இ-பேப்பர் பலகை: டர்பன் வீட்டுக்கு எப்படிச் செய்வது

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். டர்பனில் உங்கள் சாட்ஸ்வொர்த் வீட்டில் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில், வீட்டுக் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் ஓடுகிறது. கீசர், தண்ணீர்த் தொட்டி பம்ப், இன்வெர்ட்டர், சில விளக்குகள் எல்லாம் அதில் சேர்ந்தாயிற்று. ஆனால் எல்லாமே உங்கள் ஃபோனுக்குள் இருக்கிறது. பகலில் வீட்டில் இருப்பது உங்கள் பாட்டி, அதாவது ஆயா மட்டும். அவருக்கு ஃபோன் செயலி ஒத்துவரவில்லை, தமிழ் நன்றாகப் படிப்பார். சுவரில் பொத்தான்களோடு ஒரு சின்ன இ-பேப்பர் பலகை வைக்கலாமா, பேட்டரியிலேயே ஓடுமா, தமிழில் எழுத்து வருமா, அல்லது பழைய டேப்லெட்டையே மாட்டிவிடலாமா என்பது கேள்வி.

இ-பேப்பர் வைக்கலாம். பேட்டரி வேண்டாம். தமிழ் வரும், ஆனால் நீங்கள் நினைக்கிற வழியில் வராது. டேப்லெட்டை இப்போதே மறந்துவிடலாம்: நாள் முழுக்க சார்ஜில் கிடக்கும் லித்தியம் பேட்டரி டர்பன் கோடையில் உப்பிக்கொள்ளும், இரவெல்லாம் திரை வெளிச்சம் கூடத்தில் விழும், மாதம் ஒரு முறை ஏதாவது அப்டேட் கேட்டு நிற்கும்.

முதலில் இந்தத் திரையின் குணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். உள்ளே நுண்ணிய குமிழ்கள். ஒவ்வொன்றிலும் தெளிவான எண்ணெயில் மிதக்கும் கறுப்பு, வெள்ளைத் துகள்கள். இரண்டுக்கும் எதிரெதிர் மின்னேற்றம். மின்னழுத்தம் கொடுத்தால் ஒரு நிறம் மேலே வரும், இன்னொன்று கீழே போகும். அழுத்தத்தை எடுத்துவிட்டாலும் துகள்கள் அங்கேயே நிற்கும். எம்ஐடியில் பிறந்து 1997இல் நிறுவனமான இ-இங்க் செய்த வேலை இது, கிண்டிலில் பார்த்திருப்பீர்கள். படத்தை மாற்ற மட்டும்தான் மின்சாரம் வேண்டும், படத்தை வைத்திருக்க வேண்டாம்.

இதைத்தான் எல்லோரும் பெரிய வரமாகச் சொல்கிறார்கள். மின்வெட்டு வந்தாலும் திரை அணையாது, சரி. ஆனால் கட்டுப்பாட்டுப் பலகைக்கு இதுவே பெரிய ஆபத்து. மதியம் 2 மணிக்கு வைஃபை விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் ‘கீசர் அணைந்துள்ளது, தொட்டி 80%’ என்று அழகாக, கறுப்பும் வெள்ளையுமாக நிற்கும். மாலை 6 மணிக்கும் அதுவேதான் நிற்கும். சாதாரணத் திரை செத்தால் கறுத்துப்போகும், யாருக்கும் தெரிந்துவிடும். இ-பேப்பர் செத்தால் யாருக்கும் தெரியாது. நேற்றைய செய்தியை இன்றைய முகத்தோடு சொல்லிக்கொண்டே இருக்கும்.

பலர் ஒரு மூலையில் ‘கடைசியாகப் புதுப்பித்தது 14.00’ என்று சிறிய எழுத்தில் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அது போதாது. அதைப் படித்து, கடிகாரத்தைப் பார்த்து, கழித்து, எவ்வளவு பழசு என்றால் அதிகம் பழசு என்று முடிவெடுக்கும் வேலையை ஆயாவிடம் தள்ளுகிறீர்கள். நான் செய்வது வேறு: பால் பாக்கெட்டில் தேதி அச்சடிப்பதுபோல, ‘4.45 வரை நம்பலாம்’ என்று பெரிதாக மேலேயே போட்டுவிடுவேன். கால் மணிக்கு ஒரு முறை புதுப்பிக்கிற பலகை என்றால், இப்போதைய நேரத்தோடு அரை மணி கூட்டி எழுதுங்கள். ஒரு தடவை தவறினாலும் பரவாயில்லை, இரண்டு தடவை தவறினால் காலாவதி. பக்கத்திலேயே ஒரு சுவர்க் கடிகாரம் மாட்டுங்கள். சாதாரணக் கடிகாரம், பேட்டரியில் ஓடுவது.

பலகை உயிரோடிருந்து சர்வர், அதாவது ராஸ்பெரி பை, மட்டும் எட்டாமல் போனால் அதற்கு வேறு வழி உண்டு. ‘தொடர்பு இல்லை’ என்று முழுத்திரைக்கு ஒரு படத்தை முன்கூட்டியே பலகையின் ஃபிளாஷ் நினைவகத்தில் வைத்துவிடுங்கள். 800க்கு 480 புள்ளி (பிக்சல்) திரைக்கு ஒரு கறுப்பு-வெள்ளைப் படம் சரியாக 48,000 பைட்தான், இடமெல்லாம் தாராளமாக இருக்கும். இரண்டு முறை சர்வர் பதில் சொல்லவில்லை என்றால் பலகை தானாகவே அந்தப் படத்தைப் போட வேண்டும்.

சரி, எந்தத் திரை? வேவ்ஷேர் நிறுவனத்தின் 7.5 அங்குலம், 800க்கு 480, கறுப்பு-வெள்ளை மட்டும். சிவப்பு சேர்ந்த மூவண்ணத் திரை கண்ணுக்கு நன்றாக இருக்கும், ஆனால் ஒரு முறை படம் மாற 15 விநாடிக்கு மேல் ஆகும், அதுவரை திரை மின்னிக்கொண்டே இருக்கும். ஆயா பயந்துவிடுவார். கறுப்பு-வெள்ளை சுமார் 4, 5 விநாடியில் முடித்துவிடும். 4.2 அங்குலம் விலை குறைவு, ஆனால் கூடத்தில் நின்று படிக்க அது போதாது. சின்ன 2.9 அங்குலமெல்லாம் ஒரே ஓர் எண்ணைக் காட்டத்தான். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 15% மதிப்புக் கூட்டு வரி (வாட்) சேரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

இந்தத் திரைகளுக்குத் தயாரிப்பாளரே சொல்லும் மூன்று கட்டுப்பாடுகள் உண்டு. முழுப் புதுப்பிப்புகளுக்கு இடையே 180 விநாடியாவது இடைவெளி விட வேண்டும். 24 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது புதுப்பிக்க வேண்டும். படம் போட்டு முடித்ததும் திரையை உறக்க நிலைக்கு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் உயர் மின்னழுத்தம் அப்படியே நின்று திரை கெட்டுவிடும். மூன்றாவதைத்தான் பலரும் மறக்கிறார்கள். சொந்தமாக நிரல் எழுதினால் அந்த ஒரு வரியைச் சேர்த்தாயிற்றா என்று இரண்டு முறை பாருங்கள்.

இப்போது தமிழுக்கு வருவோம். உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

பலகைக்குள் இருக்கும் இஎஸ்பி32 சிப்பை இயக்க இஎஸ்பி ஹோம் என்ற மென்பொருள் உண்டு. அதில் ஒரு தமிழ் எழுத்துருவைக் கொடுத்து ‘கொதிகலன்’ என்று எழுதச் சொன்னால் என்ன வரும்? அது யூனிகோடு குறிகளை வந்த வரிசையில் ஒவ்வொன்றாக வரைகிறது. யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் க, பிறகு கொம்பு. ஆனால் கண்ணுக்குக் கொம்பு முன்னால் நிற்க வேண்டும். ‘கொ’ என்றால் கொம்பு இந்தப் பக்கம், கால் அந்தப் பக்கம். இந்த இடமாற்றத்தைச் செய்ய எழுத்துக்கோப்பு எந்திரம் ஒன்று வேண்டும். கணினியிலும் ஃபோனிலும் ஹார்ஃப்பஸ் போன்றவை அந்த வேலையைச் செய்கின்றன. இஎஸ்பி32க்குள் அது கிடையாது. கொம்பெல்லாம் இடம் மாறி, ‘கு’, ‘மு’ எல்லாம் உடைந்து, தமிழ் மாதிரி ஏதோ ஒன்று வரும். எண்களையும் ஆங்கிலத்தையும் மட்டும் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியவே தெரியாது, அதனால் வழிகாட்டிகளிலும் இருக்காது.

ஆகவே பலகைக்குள் எதையும் எழுதாதீர்கள். எழுத்து வேலை முழுவதையும் ராஸ்பெரி பையிலேயே முடித்துவிடுங்கள். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, சாதாரண வலைப்பக்கமாகப் பலகையை வடிவமைத்து, திரையில்லாமல் ஓடும் குரோமியம் உலாவியால் 800க்கு 480 அளவில் படம்பிடிப்பது. இன்னொன்று, பைத்தானில் பில்லோ நூலகத்தால் வரைவது. பில்லோ என்றால் அதோடு ராக்ம் என்ற துணை நூலகமும் இருக்க வேண்டும். அது இல்லாமல் ஓடினால் அங்கேயும் கொம்பு பின்னால் போய் நிற்கும். எனக்கு குரோமியம் வழிதான் பிடிக்கும், ஏனென்றால் அமைப்பை மாற்ற வேண்டுமானால் பக்கத்தைத் திருத்தினால் போதும், உலாவியிலேயே பார்த்துக்கொள்ளலாம். பழைய பை என்றால் குரோமியத்துக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும். அப்போது பில்லோவுக்குப் போங்கள். வந்த படத்தை பிஎன்ஜி கோப்பாக வீட்டு உள்வலையில் வைத்தால், இஎஸ்பி ஹோமின் ஆன்லைன் இமேஜ் பகுதி அதை எடுத்துத் திரையில் போட்டுவிடும். பிஎன்ஜியை விரிக்க நினைவகம் வேண்டும் என்பதால் பிஎஸ்ராம் என்ற கூடுதல் நினைவகம் உள்ள இஎஸ்பி32-எஸ்3 பலகையாகவே வாங்குங்கள்.

அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கறுப்பு, வெள்ளை இரண்டே நிறம் என்பதால் எழுத்தின் ஓரத்தில் சாம்பல் நிழல் வராது. மெல்லிய எழுத்துருவைச் சின்ன அளவில் போட்டால் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. ‘நீர்’ ‘நீர’ ஆகிவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் தடித்த வகையை எடுத்து, 40 புள்ளி (பிக்சல்) உயரத்துக்குக் குறையாமல் வையுங்கள். இந்தத் திரையில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 124 புள்ளிகள், ஆக 40 புள்ளி என்பது 8 மில்லிமீட்டர். கண்ணாடி போடாமலும் ஆயா படிப்பார். படத்தை இரண்டு நிறமாக்கும்போது டிதரிங்கை (சாம்பல் நிறத்தைப் புள்ளிகளாகத் தூவிக் காட்டும் வசதியை) அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எழுத்தெல்லாம் உப்பு தூவின மாதிரி வரும்.

அடுத்தது பேட்டரி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். கால் மணிக்கு ஒரு முறை விழித்தால் நாளைக்கு 96 முறை. வைஃபை பிடித்து, படம் எடுத்து, திரையை மாற்றி முடிக்க 8 விநாடி, அந்த நேரத்தில் சராசரி 100 மில்லிஆம்பியர் என்று வைத்தால், நாளுக்கு 21 மில்லிஆம்பியர்-மணி. 2000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி, நடைமுறை இழப்பெல்லாம் போக, இரண்டு மாதத்துக்கு மேல் வரும். வெறுமனே தகவல் காட்டும் பலகைக்கு இது பிரமாதம். ஆனால் உங்களுக்கு வேண்டியது பொத்தான் உள்ள பலகை. உறங்கும் பலகையில் பொத்தானை அழுத்தினால் அது எழுந்து, வைஃபை தேடி, கட்டளை அனுப்பவே இரண்டு மூன்று விநாடி ஆகும். ஒன்றும் நடக்கவில்லையே என்று ஆயா மறுபடி அழுத்துவார். முதல் அழுத்தல் கீசரைப் போடும், இரண்டாவது அணைக்கும்.

அதனால் எப்போதும் விழித்திருக்கும் பலகைதான் சரி. அதற்கு நம் ஊரில் வசதியும் இருக்கிறது. லோட் ஷெட்டிங் (முறைவைத்து மின்வெட்டு) காலத்தில் ரௌட்டருக்கென்று வாங்கிய சின்ன டிசி யுபிஎஸ் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் கிடக்கிறதே, அதில் 5 வோல்ட் யுஎஸ்பி வெளியீடு இருந்தால் பலகையை அங்கிருந்தே ஓட்டுங்கள். வைஃபை சிக்கன நிலையில் இஎஸ்பி32 அரை வாட்டுக்கும் குறைவாகத்தான் எடுக்கும், ரௌட்டரின் நேரத்தை அது பெரிதாகக் குறைக்காது. ரௌட்டர், ராஸ்பெரி பை, பலகை மூன்றும் காப்பு மின்சாரத்தில் இருக்க வேண்டும் என்பது முக்கியம். ஒன்று விழுந்தாலும் மற்ற இரண்டும் வீண். 2024 மார்ச் கடைசியிலிருந்து லோட் ஷெட்டிங் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது உண்மைதான். ஆனாலும் கேபிள் திருட்டு, துணைமின் நிலையக் கோளாறு என்று நமக்கு இருட்டு புதிதா என்ன. மின்வெட்டு நீண்டால் மொபைல் கோபுரங்களின் பேட்டரியும் தீர்ந்துவிடும், அதனால் வெளி இணையத்தை நம்பும் கருவி எதையும் இந்தச் சங்கிலிக்குள் விடாதீர்கள். எல்லாம் உள்வலையிலேயே முடிய வேண்டும்.

பொத்தான் விஷயத்தில் எனக்கு மூன்று பிடிவாதங்கள். முதலாவது, ‘போடு/அணை’ என்று மாறி மாறி வேலை செய்யும் பொத்தான் கூடாது. ‘கீசர் 1 மணி நேரம்’, ‘பம்ப் 20 நிமிடம்’, ‘எல்லா விளக்கும் அணை’ என்று ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரே அர்த்தம். பத்து முறை அழுத்தினாலும் அதே விளைவுதான் வர வேண்டும். இரண்டாவது, அந்த 20 நிமிடக் கணக்கு பலகையிலும் ஓடக்கூடாது, ஹோம் அசிஸ்டன்ட்டிலும் ஓடக்கூடாது, பம்பைப் போட்டு அணைக்கும் மின்சுவிட்சான ரிலேக்குள்ளேயே ஓட வேண்டும். மற்றதெல்லாம் செத்தாலும் பம்ப் தானாக நிற்கும். மூன்றாவது, ஒவ்வொரு பொத்தான் பக்கத்திலும் ஒரு சின்ன எல்இடி. அழுத்தியதும் அது மின்னட்டும். ரிலே ‘போட்டுவிட்டேன்’ என்று பதில் அனுப்பிய பிறகுதான் நிலையாக எரியட்டும். திரை மெதுவாக, மூன்று நிமிடத்துக்குள் வந்து சேர்ந்துகொள்ளும். எல்இடிக்கு ஒரு நல்ல குணம், மின்சாரம் போனால் அதுவும் அணைந்துவிடும், பழைய கதை சொல்லாது. திரையில் பகுதிப் புதுப்பிப்பு செய்து உடனடி பதில் காட்டலாம்தான், முடியாது என்றில்லை. ஆனால் பல பகுதிப் புதுப்பிப்புகளுக்குப் பிறகு பழைய எழுத்தின் நிழல் தங்கும், முழுப் புதுப்பிப்பால் துடைக்க வேண்டியிருக்கும். எல்இடி போதும்.

நிலைகளை எம்க்யூடிடி (கருவிகளுக்கிடையே செய்தி அனுப்பும் முறை) வழியாக அனுப்பினால் ‘ரிடெய்ன்’ குறியோடு அனுப்புங்கள். பலகை மறுபடி உயிர் பெறும்போது கடைசி நிலை அதற்குக் காத்திருக்கும்.

கீசரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆயா பலகையைப் பார்க்கப்போவதே பெரும்பாலும் அதற்காகத்தான். 150 லிட்டர் கீசரில் 20 டிகிரி தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 7 கிலோவாட்-மணி வேண்டும். 3 கிலோவாட் எலிமென்ட் என்றால் இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல். ஆகவே ‘கீசர் எரிகிறது’ என்ற தகவலால் யாருக்கும் பயனில்லை. ‘6.10க்குச் சுடுதண்ணீர் தயார்’ என்று காட்டுங்கள். இப்போதைய வெப்பநிலை தெரிந்தால் இந்தக் கணக்கு எளிது. இன்னொன்று: 3 கிலோவாட் என்பது 13 ஆம்பியர். 10 ஆம்பியர் என்று எழுதிய வைஃபை ரிலேவை நேரடியாக அதில் போடவே கூடாது, 16 ஆம்பியர் என்று எழுதியதுகூட மணிக்கணக்கில் அந்தச் சுமையில் சூடாகும். ரிலே ஒரு கான்டாக்டரை (பெரிய சுமையைத் தாங்கும் சுவிட்சை) இயக்கட்டும், கான்டாக்டர் கீசரை இயக்கட்டும். இந்த வேலை பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனுக்கு உரியது, முடித்ததும் சிஓசி என்ற மின் இணக்கச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். கூரைக்குள் தீப்பிடித்தால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். கீசரின் சொந்த தெர்மோஸ்டாட்டைக் கழற்றவோ தாண்டவோ கூடாது.

அப்புறம், எதைப் பலகையில் வைப்பது? நீங்கள் அனுப்பிய பட்டியலில் பதினாறு விஷயங்கள் இருந்தன. நான்கு போதும்: சுடுதண்ணீர், தொட்டி அளவு, இன்வெர்ட்டர் பேட்டரி, கேட் திறந்திருக்கிறதா. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் மாதக்கணக்கில் குழாய் வறண்டு கிடந்ததை நினைத்தால், தொட்டி அளவை நான் மேல் வரியிலேயே வைப்பேன். கேட்டுக்குக் காட்சி மட்டும், பொத்தான் வேண்டாம். அலாரத்துக்கும் அப்படியே. கடவுச்சொல் இல்லாமல் சுவரில் தொங்கும் பொருள் அது, ஜன்னல் கம்பி வழியாக ஒரு குச்சி நீட்டினால் எட்டும் இடத்தில் கேட் பொத்தானை வைக்க வேண்டுமா?

நான்குக்கு மேல் ஐந்தாவதாக ஒரு வரி தரலாம் என்றால், அடியில் நாள்காட்டி. அமாவாசை, கிருத்திகை, புரட்டாசி விரதம் எப்போது தொடங்குகிறது, கோயிலில் காவடி என்றைக்கு. ஆயா மற்ற நான்கையும் பார்க்கத் தொடங்குவதே இந்த வரியால்தான் இருக்கும். ஆனால் தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத் தரவை அப்படியே இழுத்துப் போடாதீர்கள். திதி முடியும் நேரத்தில் மூன்றரை மணி கழிக்க வேண்டும். ராகு காலத்துக்குக் கழித்தாலும் போதாது, அது உள்ளூர் சூரிய உதயத்திலிருந்து கணக்கிடுவது. டர்பனில் டிசம்பரில் 5 மணிக்கு முன்பே விடிகிறது, ஜூனில் 7 மணியை நெருங்குகிறது. தென்னரைக்கோளத்துக்குக் கணக்குப் போடும் நூலகத்தில் அட்சரேகைக்குக் கழித்தல் குறி போட்டீர்களா என்று பாருங்கள், அவ்வளவுதான்.

இ-பேப்பருக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது என்பதை மறந்துவிடாதீர்கள். மின்வெட்டில், இரவில், பலகை மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் அது கண்ணுக்குத் தெரியாது. சட்டத்தின் மேல் விளிம்பில் இரண்டு மூன்று எல்இடிகளை ஒட்டி, ஆள் வந்தால் எரியும்படி ஒரு பிஐஆர் சென்சர் வையுங்கள். அதே 5 வோல்ட்டில் ஓடும். பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: நேர் வெயில் படாத சுவர், கடல் காற்று உள்ளே போகாதபடி மூடிய பின்புறம், கம்பி நுழையும் துளையில் கொஞ்சம் சிலிகான். சிலிகான் ஈரத்துக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள், பல்லிக்குச் சூடான மின்சுற்று என்றால் உயிர். ரௌட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை திறந்திருக்க வேண்டும், இஎஸ்பி32-எஸ்3 5 கிகாஹெர்ட்ஸில் சேராது.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். திரையின் காட்சிப் பரப்பு 163க்கு 98 மில்லிமீட்டர். அந்த அளவில் ஒரு தாளில், சொன்ன எழுத்தளவில், நான்கு வரியையும் நாள்காட்டி வரியையும் அச்சடித்து, நினைத்திருக்கும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். ஒரு வாரம் இருக்கட்டும். ஆயா எந்த வரியைப் பார்த்து உங்களிடம் கேள்வி கேட்கிறார், எதைத் தொடவே இல்லை, தாள் அவர் கண்மட்டத்துக்கு மேலே போய்விட்டதா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள், உங்கள் ரிலேக்கள் என்ன வகை என்பதையும் சொல்லுங்கள், டைமரை அவற்றுக்குள் எப்படி வைப்பது என்று அப்போது சொல்கிறேன்.